"என்னை ஆராய்ந்தருளும்" என்று தினமும் ஜெபித்தும் எதுவும் தெளிவாகவில்லையே: நேர்மையான சுயபரிசோதனைக்கு எப்படி ஜெபிப்பது?

செந்தூல் கணக்கர் எழுதியது:

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். நான் கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன். வயது 54. ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மெதடிஸ்ட் சபையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, இப்போது அங்கேயே காணிக்கை எண்ணும் பொறுப்பிலும் இருக்கிறேன்.

இந்த ஆண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் உடன்படிக்கை ஆராதனை நடந்தது. இனி நான் என்னுடையவன் அல்ல, உம்முடையவன் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் அந்த ஜெபத்தை நான் சிறுவயது முதல் சொல்லி வருகிறேன். இம்முறை பாதியில் என் குரல் நின்றுவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் இதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, வந்த மனிதனாகவே வீட்டுக்குத் திரும்புகிறேனே என்ற எண்ணம் என்னை உலுக்கியது. அன்று இரவே ஒரு தீர்மானம் செய்தேன். தினமும் உறங்கப்போகும் முன் அரைமணி நேரம் ஒதுக்கி, 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களை ஜெபமாக ஏறெடுத்து, அன்றைய நாளைச் சோதித்துப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதே அது. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும், என்னைச் சோதித்து, என் சிந்தனைகளை அறிந்துகொள்ளும். வேதனை உண்டாக்கும் வழி என்னிடத்தில் உண்டோ என்று பார்த்து, நித்திய வழியிலே என்னை நடத்தும்." இந்த வசனங்கள் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும்.

நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. நோட்டைத் திருப்பிப் பார்த்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது. பெருமை, கோபம், சோம்பல், ஜெபக்குறைவு, வேத வாசிப்பில் ஒழுங்கின்மை என்று ஒரே வார்த்தைகள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. வேறு யாருடைய நோட்டாக இருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். சில இரவுகளில் இதற்கு நேர்மாறாக, எல்லாமே பாவமாகத் தோன்றி, பேசிய ஒவ்வொரு சொல்லையும் தோண்டித் துருவி, அதிகாலை மூன்று மணி வரை உறக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தும் பார்த்தேன். நோட்டில் இடப்பக்கம் குற்றம், வலப்பக்கம் மனந்திரும்பிய தேதி என்று பேரேடுபோலக் கோடு போட்டும் பார்த்தேன். வலப்பக்கம் நிரம்பியது, ஆனால் இருதயம் இளகவில்லை.

என் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்: எனக்கு யாரோடும் பகை இல்லை, மது இல்லை, கடன் இல்லை. தாயார் இறந்தபின் பத்துமலைப் பக்கம் இருந்த வீட்டை விற்ற விஷயத்தில் தங்கைக்கு என்மேல் சற்று மனவருத்தம் உண்டு, ஆனால் அந்தக் கணக்கு அப்போதே முடிந்துவிட்டது, ஆகவே அது இங்கே பொருந்தாது. நான் கேட்பது ஜெபத்தைப் பற்றி. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல், அதே நேரத்தில் நம்மை நாமே சித்திரவதை செய்துகொள்ளாமல், தேவனுக்கு முன்பாக உண்மையாக நிற்க உதவும் ஜெபமுறை எது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.


ஆயர் ஈத்தாம் ஓய்வாசிரியர் எழுதியது:

அன்புத் தம்பி, உங்களைவிட வயதில் 20 ஆண்டுகள் மூத்தவன் என்ற உரிமையில் அப்படி அழைக்கிறேன். பினாங்கில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். நானும் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவன்தான், அவ்வப்போது பிரசங்க மேடையிலும் நின்றிருக்கிறேன்.

நீங்கள் தேர்ந்தெடுத்த சங்கீதத்தைச் சற்று மேலிருந்து படித்துப் பாருங்கள். கடைசியில் "என்னை ஆராய்ந்து" என்று கேட்கிற அதே தாவீது, முதல் வசனத்தில் "கர்த்தாவே, நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்" என்று சொல்லிவிட்டார். தேவன் ஏற்கெனவே ஆராய்ந்து முடித்ததைத்தான் கடைசியில் தாவீது மறுபடியும் கேட்கிறார். அப்படியானால் அந்த விண்ணப்பத்தின் பொருள், தேவனுக்குத் தெரியாததை அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அல்ல. அவருக்குத் தெரிந்ததை நான் பார்க்கச் சம்மதிக்கிறேன் என்பதே. ஆராய்கிறவர் அவர், நான் ஆராயப்படுகிறவன். உங்கள் அரைமணி நேரத்தில் இந்த இடம் மாறிவிட்டது என்று நினைக்கிறேன். வசனத்தைச் சொல்லி முடித்தவுடன் பேனாவை எடுத்து நீங்களே ஆராயத் தொடங்கிவிடுகிறீர்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கணக்கு எழுதியவரே அந்தக் கணக்கைத் தணிக்கை செய்ய முடியாது. "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது, அதை அறியத்தக்கவன் யார்?" என்று எரேமியா கேட்டதும் இதனால்தான்.

இன்னொன்று. "வேதனை உண்டாக்கும் வழி" என்ற சொற்களை நான் பல ஆண்டுகள் கவனிக்காமலேயே ஜெபித்திருக்கிறேன். நம் தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் குற்றம் என்றோ பாவம் என்றோ சொல்லவில்லை, வேதனை என்று சொல்லுகிறது. என் வழி யாருக்கு வேதனை உண்டாக்குகிறது என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் என்னுடைய நோட்டில் பொதுப்பெயர்கள் மறைந்து மனிதர்களின் பெயர்கள் வர ஆரம்பித்தன.

இப்போது நான் சொல்லப்போவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவை நான் மூன்று முறை படித்தேன். ஜெபமுறையைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். தங்கையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும்தான் "பொருந்தாது" என்ற தீர்ப்பு இருக்கிறது. தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைக் கொல்லச் செய்தபின், நாத்தான் தீர்க்கதரிசி அவரிடம் வந்து, ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பறித்த கதையைச் சொன்னபோது ராஜா கொதித்தெழுந்தார். நியாயத்தை நன்றாக அறிந்திருந்தார். தன் விஷயம் அதில் பொருந்தாது என்று நினைத்ததுதான் அவருக்கு இருந்த ஒரே குறை. நான் நாத்தான் அல்ல, உங்கள் குடும்பக் கதையும் எனக்குத் தெரியாது. ஆனால் நான்கு மாதங்கள் ஆராயும்படி கேட்ட ஒருவருக்கு, தாமே ஏன் இதை எழுதினோம் என்று யோசித்துப் பார்க்கும் கடமை உண்டு.

நம் சபையின் வழக்கத்திலேயே இதற்கு உதவி இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று சிறு குழுக்களுக்கான விதிகளை வகுத்தபோது, சேர வருகிறவரிடம் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதி வைத்தார். உன் குற்றங்கள் உனக்குச் சொல்லப்பட வேண்டும் என்று விரும்புகிறாயா, அவையெல்லாம் ஒளிவுமறைவின்றி நெஞ்சில் தைக்கும்படி சொல்லப்பட வேண்டும் என்று விரும்புகிறாயா என்பவை அவற்றில் உண்டு. அதன் பிறகே வாராந்தரக் கேள்விகள். கடந்த கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவம் எது, சந்தித்த சோதனை எது, அதிலிருந்து எப்படி விடுவிக்கப்பட்டாய் என்பவற்றோடு, பாவமா இல்லையா என்று உனக்கே சந்தேகமான எதையாவது நினைத்தாயா, சொன்னாயா, செய்தாயா என்றும் கேட்பார்கள். எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் கூர்மையானதாகத் தோன்றுகிறது. 1755இல் அவர் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டோம். தனியறையில் ஒருவரும் கேள்வி கேட்காத இடத்தில் நாம் எல்லோருமே நல்லவர்களாகத்தான் தெரிவோம்.


பிரிக்பீல்ட்ஸ் லூத்தரன் எழுதியது:

ஆசிரியர் ஐயா எழுதியதை மதிக்கிறேன், ஆனால் ஓர் இடத்தில் தயங்குகிறேன். முன்பின் தெரியாத ஒருவருடைய குடும்பப் பாகப்பிரிவினையைப் பொதுவெளியில் தொட்டு இதுதான் உங்கள் பாவம் என்று சுட்டுவது ஆபத்தானது. தங்கைக்கு மனவருத்தம் இருப்பதாலேயே அண்ணன் அநியாயம் செய்தார் என்று ஆகிவிடாது. நான் கேள்வியின் வேறொரு பக்கத்துக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன், அதாவது அதிகாலை மூன்று மணி வரை உறக்கம் வராமல் கிடந்ததாக நீங்கள் எழுதியதற்கு.

என் மனைவி இதே நோயால் பல ஆண்டுகள் துன்பப்பட்டார். நோய் என்றே சொல்லுகிறேன். மார்ட்டின் லூத்தர் 1505இல் மடத்தில் சேர்ந்தபின், தம் ஆவிக்குரிய வழிகாட்டியான ஸ்டவுப்பிட்ஸிடம் நீண்ட நேரம் பாவ அறிக்கை செய்வார், அறைக்குத் திரும்பியதும் விட்டுப்போனது ஒன்று நினைவுக்கு வந்து மறுபடியும் கலங்குவார். எல்லாப் பாவத்தையும் எண்ணி முடித்தால்தான் மன்னிப்பு என்றால், எண்ணுகிறவனின் நினைவாற்றலே இரட்சகராகிவிடுகிறது. "தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று 19ஆம் சங்கீதம் கேட்பதைக் கவனியுங்கள். எண்ண முடியாதவற்றுக்கும் சேர்த்து அங்கே ஒரே விண்ணப்பம் ஏறெடுக்கப்படுகிறது.

அதே லூத்தர்தான் 1517இல் தம் 95 கருத்துகளில் முதலாவதாக, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று கிறிஸ்து விரும்பினார் என எழுதினார். வாழ்நாள் முழுவதும் என்றால் இரவு முழுவதும் என்று பொருளல்ல. 1529இல் வெளியான அவருடைய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் இரவு ஜெபம் ஒன்று இருக்கிறது. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய மிஷனெரிகளின் வழியாக நம் முன்னோர்களின் கைக்கு வந்த ஞானோபதேசம் அது. அந்த ஜெபம் நன்றியோடு தொடங்குகிறது, நான் தவறு செய்த இடங்களில் என் பாவங்களையெல்லாம் மன்னித்தருளும் என்று சுருக்கமாகக் கேட்கிறது, பிறகு உடனே மகிழ்ச்சியோடு உறங்கப் போ என்று கட்டளையிடுகிறது. உறங்கப்போவது ஒரு விசுவாச அறிக்கை. எங்கள் வீட்டில் இதை எழுதிப் படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.

ஒரு சோதனை சொல்லுகிறேன், இது எனக்கு உதவியது. பரிசுத்த ஆவியானவர் உணர்த்துவது குறிப்பானது: இன்னாரிடம், இன்ன நேரத்தில், இன்னது. அதைச் செய்து முடிக்க வழியும் கூடவே தெரியும். குற்றஞ்சாட்டுகிறவனின் குரல் பொதுவானது: நீ எதற்கும் உதவாதவன், உன்னிடம் ஒன்றும் சரியில்லை என்று மட்டும் அது சொல்லும். அந்தக் குரலுக்குப் பதிலாக நான் யோவான் எழுதியதைச் சொல்லிக்கொள்வேன்: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." சகலத்தையும் அறிந்தவர் என்பது அங்கே ஆறுதலாகச் சொல்லப்பட்டிருக்கிறது.


பட்டர்வொர்த் தாதி எழுதியது:

நான் கத்தோலிக்கப் பெண்; என் பேச்சுவழக்கு உங்களுடையதிலிருந்து சற்று மாறுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள். குருவிடம் பாவ அறிக்கை செய்வதை எங்கள் பாட்டி காலத்தில் பாவசங்கீர்த்தனம் என்று சொன்னார்கள், இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். முதல் பெயரில் சொல்லுதல் இருக்கிறது, இரண்டாவதில் சேருதல் இருக்கிறது; இரண்டும் வேண்டியிருக்கிறது.

வேலை ஜார்ஜ்டவுனில், வீடு பட்டர்வொர்த்தில். மாலையில் ஃபெர்ரியில் திரும்பும் அந்தச் சிறிது நேரம்தான் என் ஆத்தும சோதனைக்கான நேரம். லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த முறையைத்தான் பின்பற்றுகிறேன். அவர் பாவத்திலிருந்து தொடங்கவில்லை. முதலில் இறைவன் தந்த நன்மைகளுக்கு நன்றி, அடுத்து என் பாவங்களை அறிய அருள் கேட்பது, அதன் பிறகே அன்றைய நாளை மணிக்கணக்கில் நினைத்துப் பார்ப்பது, பின்பு மன்னிப்பு கேட்பது, கடைசியாகத் திருந்துவதற்கான தீர்மானம். வரிசை முக்கியம் என்பதை நான் கெட்டுப் பட்டுத்தான் கற்றேன். நன்றி சொல்லாமல் நேராகப் பாவத்துக்குப் போன நாட்களில் என் மனம் மூடிக்கொள்ளும், அல்லது மற்றவர்களின் குற்றம்தான் நினைவுக்கு வரும்.

அண்ணன் எழுதிய பெருமை, கோபம், சோம்பல் என்பவை பெயர்கள். நான் நாளை இடம் இடமாக நடந்து பார்ப்பேன். காலையில் வார்டுக்குள் நுழைந்தேன், மாற்றுப்பணித் தோழியிடம் அறிக்கையை வாங்கினேன், பத்து மணிக்கு ஜன்னலோரப் படுக்கையில் இருந்த முதியவர் மூன்றாவது முறையாகத் தண்ணீர் கேட்டார், நான் கேட்காததுபோல் நடந்தேன். இப்படி ஒரு கணம் வந்து நெஞ்சில் நின்றுவிட்டால் அதற்கு மேல் தேட மாட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று போதும். மறுநாள் அந்த முதியவரின் படுக்கைக்கு முதலில் போவேன்.

திருப்பலியின் தொடக்கத்தில் நாங்கள் சொல்லும் மன்றாட்டில், சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் பாவம் செய்தேன் என்பதோடு "கடமையில் தவறியதாலும்" என்று ஒரு சொல் வரும். என் வேலையில் நான் செய்த தவறுகளைவிடச் செய்யாமல் விட்டவையே அதிகம் என்று கண்டிருக்கிறேன். செய்த தவறு நினைவில் நிற்கும். செய்யாமல் விட்டது தடமே இல்லாமல் போய்விடும், ஆகையால் அதைக் காட்டும்படி தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அண்ணனின் நோட்டில் அதற்கு ஒரு பக்கம் இருக்கிறதா என்று தெரியவில்லை.


கெப்போங் இளையவர் எழுதியது:

ஐயா, அக்கா, எனக்கும் ஒரு கேள்வி. நான் போகும் சபையில் மனந்திரும்புதல் என்றாலே கண்ணீர்தான். உபவாசக் கூட்டத்தில் எல்லோரும் முழங்காலில் நின்று கதறுவார்கள், எனக்குக் கண்ணீர் வருவதில்லை. என் தப்பு எனக்குத் தெரிகிறது, ஆனால் எதையும் உணர முடிவதில்லை. அப்படியானால் என் ஜெபம் பொய்யா?


ஆயர் ஈத்தாம் ஓய்வாசிரியர் எழுதியது:

இல்லை, தம்பி. கெட்ட குமாரனின் உவமையைக் கவனித்துப் படியுங்கள். அவன் அழுதான் என்று லூக்கா எழுதவில்லை. "அவனுக்குப் புத்தி தெளிந்தபோது" என்றுதான் எழுதுகிறார். தகப்பனுடைய கூலிக்காரருக்குப் பூர்த்தியான சாப்பாடு இருக்கிறது, நான் பசியினால் சாகிறேன் என்று மிகவும் சாதாரணமான ஒரு கணக்கைத்தான் அவன் போட்டுப் பார்க்கிறான். பிறகு எழுந்து புறப்படுகிறான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான், அதை முழுவதுமாகச் சொல்லி முடிக்கும் முன்பே தகப்பன் வேலைக்காரரிடம் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மனந்திரும்புதல் என்ற நம் சொல்லுக்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மனம் மாறுவதைச் சொல்லுகிறது, தீர்க்கதரிசிகளின் எபிரெயச் சொல் வழி திரும்பி வருவதைச் சொல்லுகிறது. நம் தமிழ்ச் சொல்லில் மனமும் திரும்புதலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. கண்ணீர் வந்தால் அதைத் தேவன் தந்த ஈவாக ஏற்றுக்கொள்ளுங்கள், வராவிட்டால் எழுந்து நடங்கள். யோவேல் கிழிக்கச் சொன்னது வஸ்திரத்தை அல்ல, இருதயத்தை.

பிரிக்பீல்ட்ஸ் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கண்டித்தது நியாயம். தனி மடலில் எழுதியிருக்க வேண்டியதை நான் இங்கே எழுதிவிட்டேன், செந்தூல் தம்பி என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் கருத்தை நான் விட்டுவிட முடியவில்லை. 51ஆம் சங்கீதத்தில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று தாவீது சொல்கிறார். இந்த வசனத்தைக் காட்டி, தேவனிடம் அறிக்கை செய்துவிட்டேன், மனிதனிடம் போக வேண்டியதில்லை என்று சொன்னவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நானே ஒரு காலத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தாவீது அந்த ஜெபத்தைச் செய்தபோது உரியா கல்லறையில் இருந்தான். போய் நிற்க வாசல் இல்லை. நம்மில் பெரும்பாலோருக்கு நம் உரியா உயிரோடு இருக்கிறார், அவருடைய தொலைபேசி எண்ணும் நம்மிடம் இருக்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதும், எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் பாவத்தை அறிக்கையிட்டு, முதலைத் திரும்பக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்கச் சொல்வதும் இதற்காகவே.


பிரிக்பீல்ட்ஸ் லூத்தரன் எழுதியது:

ஐயா, கருத்தில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன் என்று வாய்திறந்து அறிக்கையிட்டான், 30 வெள்ளிக்காசையும் ஒன்று குறையாமல் திருப்பிக் கொடுத்தான். வெளியிலிருந்து பார்த்தால், இயேசுவை மறுதலித்த பேதுருவைவிட அவனே முறையாக நடந்தான். ஆனால் அவன் போன இடம் பிரதான ஆசாரியர்களிடம், அவர்கள் "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். இயேசுவிடம் போகவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், அதைக் கொண்டு என் மனச்சாட்சியை விலைக்கு வாங்கிவிடலாம் என்று நினைத்தால் அங்கேயும் இருள்தான் மிஞ்சும். "தேவதயவு நீ குணப்படும்படி உன்னை ஏவுகிறது" என்று ரோமர் நிருபம் சொல்கிறபடி தயவிலிருந்து தொடங்க வேண்டும்.


செந்தூல் கணக்கர் எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாட்கள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

ஆசிரியர் ஐயாவின் முதல் பதிலைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறுப்பு எழுதத் தொடங்கினேன். என் பக்கத்து நியாயத்தைக் காட்டுவதற்காக, 2017இல் வீட்டை விற்றபோது நான் தயாரித்த கணக்குக் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்தேன். தாயாரின் மருத்துவமனைச் செலவு 38,000 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதி, அதை விற்பனைத் தொகையிலிருந்து முதலில் கழித்துக்கொண்டு, மீதியைத் தங்கையும் நானும் சமமாகப் பிரித்துக்கொண்டோம். செலவு செய்தவன் நான் என்பதால் அது நியாயம். அதே கோப்பில் வேறொரு கடிதமும் இருந்தது. என் பெயரில் இருந்த குடும்ப மருத்துவக் காப்புறுதியிலிருந்து, வீடு விற்றுச் சில மாதங்கள் கழித்து, அந்தச் செலவில் 11,200 வெள்ளி எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. அதை நான் தங்கையிடம் சொல்லவே இல்லை. மறந்துவிட்டேன் என்று எழுத விரும்பினேன். ஆனால் அந்தக் கடிதத்தை நான் தனியாக மடித்து, உறைக்குள் போட்டு, கோப்பின் அடியில் வைத்திருந்தேன். மறந்த ஒருவன் அப்படி வைக்க மாட்டான்.

நான்கு மாதங்கள் பெருமை என்றும் சோம்பல் என்றும் எழுதிக்கொண்டிருந்த நோட்டில் இது ஒரு நாளும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று நானே முத்திரை குத்திய கோப்பைத் திறக்கும்படி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவளுக்குச் சேர வேண்டியது 5,600 வெள்ளி. ஐந்தில் ஒரு பங்கு 1,120. மொத்தம் 6,720. சனிக்கிழமை காலை இ.டி.எஸ். இரயிலில் ஈப்போவுக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். அவளிடம் என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. தயவுசெய்து ஜெபித்துக்கொள்ளுங்கள்.


பட்டர்வொர்த் தாதி எழுதியது:

அண்ணன், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், காரணம் எதையும் சேர்க்காதீர்கள். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அது அவருடைய நேரம். பணத்தை மேசையில் வைப்பதற்கு முன் உங்கள் தவற்றைச் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை காலை ஃபெர்ரியில் உங்கள் இருவருக்காகவும் செபிப்பேன்.


செந்தூல் கணக்கர் எழுதியது:

போய் வந்தேன். சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் இன்னும் எனக்கே முழுவதும் விளங்கவில்லை.

தாதி சகோதரி சொன்னபடியே சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள், பணத்தை எண்ணாமல் ஓரமாக வைத்தாள். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பணம் இருக்கட்டும் அண்ணே. அம்மா போன இரவு நான் ஏழு தடவை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை" என்றாள். அன்று ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் வேலை என்று கைப்பேசியை ஒலியடக்கி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் இறுதிச் சடங்குக்கான ஏற்பாடுகளில் இறங்கினேன், செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டேன், எல்லோரும் பொறுப்பான மகன் என்றார்கள். அந்த இரவில் அவள் தாயாரோடு தனியாக இருந்தாள் என்பதை நான் ஒரு குற்றமாக நினைத்ததே இல்லை. ஒன்பது ஆண்டுகள் தாயாரைப் பார்த்துக்கொண்டவள் அவள். பாகப்பிரிவினையில் அதற்கும் ஒரு வரி இல்லை.

அவளுடைய மனவருத்தம் வீட்டைப் பற்றியது என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அதற்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அதை அவளிடமே சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாயாரின் கல்லறைக்கு ஒருநாள் போய்வரலாமா என்று கேட்டாள். அடுத்த மாதம் அவள் கோலாலம்பூருக்கு வரும்போது சேர்ந்து போவதாகப் பேசி முடித்தோம்.

நேற்று இரவு அரைமணி நேரம் உட்காரவில்லை. அந்த இரண்டு வசனங்களைச் சொல்லிவிட்டு, "வேதனை உண்டாக்கும் வழி" என்ற இடத்தில் அவளுடைய பெயரைச் சொல்லி, பிரிக்பீல்ட்ஸ் சகோதரர் எழுதியபடியே விளக்கை அணைத்துப் படுத்தேன்.